கம்பெனிக்கு வயதாகுமா, மாப்பிள்ளை?

போன கோடையில் குடும்பத்தோடு ராமேஸ்வரம் போயிருந்தோம். பேரனுக்குப் புதுப் பாம்பன் பாலம் நடுவில் தூக்குவதைப் பார்க்க வேண்டும். அது 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்த பாலம். பக்கத்திலேயே 1914-இல் திறந்த பழைய பாலம் துருவேறி நின்றது. 2022 டிசம்பரோடு அதில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். பேரன் புதியதைப் பார்த்தான், நான் பழையதைப் பார்த்தேன். அவரவர் வயதுக்கு ஏற்றது.

மறுநாள் தனுஷ்கோடி. முகுந்தராயர் சத்திரம் தாண்டி அரிச்சல்முனை வரைக்கும் 2017 முதல் நல்ல தார்ச்சாலை. அதற்கு முன்பு ஒருமுறை வேனில் மணலில் குலுங்கிக் குலுங்கிப் போனது என் இடுப்புக்கு இன்னும் நினைவிருக்கிறது. இடிந்த மாதா கோவில், ரயில்வே தண்ணீர்த் தொட்டி, ஸ்டேஷனின் மிச்சச் சுவர், அதன் நிழலில் சங்கு, பாசிமணி விற்கும் கடைகள். மாப்பிள்ளை ஸ்டேஷன் சுவரில் கை வைத்துக்கொண்டு, "மாமா, எல்லா நிறுவனத்துக்கும் ஒரு லைஃப் சைக்கிள் உண்டு. பிறப்பு, வளர்ச்சி, முதிர்ச்சி, தளர்ச்சி, சாவு. சவுத் இண்டியன் ரயில்வேக்கும் அப்படித்தான். இது கடைசி கட்டம்" என்றார்.

அவர் பெங்களூரில் நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்லும் உத்தியோகத்தில் இருக்கிறார். நல்ல பிள்ளை. என் மகளைக் கண்கலங்காமல் வைத்திருக்கிறார். மாப்பிள்ளையிடம் வாய் கொடுப்பது எங்கள் பக்கம் வழக்கமில்லை. "அப்படிங்களா மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டு இளநீர் வாங்கப் போய்விட்டேன். ஆனால் மனசு ஆறவில்லை. இங்கே எழுதினால் யார் தடுக்கப் போகிறார்கள்?

அன்று ராத்திரி லாட்ஜில் மடிக்கணினியைத் திறந்து ஒரு படமும் காட்டினார். ஒரு மேடு. இடப்பக்கம் ஏற்றம், உச்சி, வலப்பக்கம் இறக்கம். இஷாக் அடிசெஸ் என்பவர் 1988-இல் எழுதிய புத்தகத்திலிருந்து வந்த படமாம். ஏற்றத்தில் காதல் காலம், சிசுப் பருவம், கண்மண் தெரியாமல் ஓடும் பருவம், விடலைப் பருவம். உச்சிக்குப் பக்கத்தில் பூரண பருவம். இறக்கத்தில் பிரபு மாதிரி மிதப்பாக உட்கார்ந்திருக்கும் பருவம், ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லும் பருவம். அதற்கும் கீழே, சாவுக்கு ஒரே ஒரு படி முன்னால், 'ப்யூராக்ரசி' என்று எழுதியிருந்தது. அதாவது நான். முப்பத்தாறு வருஷம் சர்க்கார் குமாஸ்தாவாக நாற்காலி தேய்த்தவன். ஒரு கம்பெனிக்குள் என்னைப் போன்றவன் நுழைந்துவிட்டால் அடுத்தது பாடைதான் என்று படம் போட்டிருக்கிறார்கள்!

கோபத்துக்கு இதுவும் ஒரு காரணம் என்பதை மறைக்கவில்லை. ஆனால் இது மட்டும் காரணமில்லை.

முதலில் நியாயமாக ஒன்றை ஒப்புக்கொண்டு விடுகிறேன். இந்தப் படத்தின் ஏற்றப் பகுதியில் விஷயம் இருக்கிறது. அமெரிக்கப் பேராசிரியர் லாரி கிரெய்னர் 1972-இலேயே சொன்னது இது: ஒரு நிறுவனம் வளர வளர, அது வளர்ந்த முறையே அடுத்த நெருக்கடியைக் கொண்டுவரும். ஐந்து பேர் இருக்கும் கடையில் முதலாளியின் தலையே பேரேடு. ஐம்பது பேரானால் ஒரு நோட்டு வேண்டும், ஐந்நூறு பேரானால் நோட்டுக்கு ஒரு குமாஸ்தா, அந்தக் குமாஸ்தாவுக்கு ஒரு தணிக்கைக்காரர். முதலாளி தன் தலையை நம்பிக்கொண்டே இருந்தால் முழுகுவார். காகிதத்தையே நம்பிக்கொண்டிருந்தாலும் முழுகுவார் என்று கிரெய்னரே கடைசியில் சொல்கிறார். சரி. மளிகைக்கடை வைத்த எவருக்கும் தெரிந்த விஷயம், அழகாகச் சொல்லியிருக்கிறார்.

என் சண்டை இறக்கப் பகுதியோடு. மனிதனுக்கு வயதாவது ஏன்? அவனுக்கு ஒரே உடம்பு. என் முழங்காலை எடுத்துவிட்டு இருபது வயதுப் பையனின் முழங்காலை வைக்க முடியாது. கம்பெனிக்கு அப்படியா? மேனேஜர் போனால் இன்னொரு மேனேஜர். இயந்திரம் தேய்ந்தால் இன்னொன்று, அதற்கென்றே தேய்மானக் கணக்கு எழுதி வைக்கிறோம். கம்பெனிச் சட்டமே சொல்கிறது: உறுப்பினர்கள் வரலாம், போகலாம், சாகலாம்; கம்பெனிக்கு இடையறாத தொடர்ச்சி உண்டு. சாகாமல் இருக்கட்டும் என்றுதான் மனிதன் கம்பெனி என்ற ஒன்றையே கண்டுபிடித்தான். அதற்கு மூப்பு, பிணி, சாக்காடு என்று ஜாதகம் கணிப்பது, பாம்பன் பாலத்து இரும்புக்குச் சளி பிடித்தது என்று சொல்வது போல. இரும்பு துருப்பிடிக்கும், அதற்கு வர்ணம் அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் அடிக்காதவன் பெயர் இருக்கும்.

என் படிப்பு பிரெஞ்சு மீடியம். புதுச்சேரியில் என் வயதுக்காரர்கள் சிலருக்கு அப்படி அமைந்தது. தமிழ் இலக்கணம் பின்னால், வீட்டுத் திண்ணையில் ஒரு புலவரிடம் கற்றேன். அவர் முதலில் சொல்லிக்கொடுத்தது தன்வினை, பிறவினை. திருந்தினான், திருத்தினான். அழிந்தது, அழித்தார்கள். முடிந்தது, முடித்தார்கள். "பிறவினை போட்டால் 'யார்?' என்று ஒருவன் கேட்பான். கேட்கக்கூடாது என்று நினைப்பவன் தன்வினை போடுவான்" என்பார். இந்த வாழ்க்கைச் சுழற்சிக்காரர்களின் எழுத்து முழுக்கத் தன்வினை. நிறுவனம் தளர்ந்தது. சந்தை சுருங்கியது. ஆலை மூடியது. கதவு தானாக எழுந்துபோய்த் தன்னைப் பூட்டிக்கொண்டு சாவியை விழுங்கிவிட்டது போலிருக்கிறது.

ராமநாதபுரம் சீமையில் நின்றுகொண்டு பேசுவதால் இந்தச் சீமைக்காரர் தலைவராக இருந்த கம்பெனியையே எடுத்துக்கொள்வோம். சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. பதிவானது 1906 அக்டோபர் 16. மூலதனம் 10 லட்சம் ரூபாய், 25 ரூபாய் வீதம் 40,000 பங்கு. தலைவர் பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர், மதுரையில் தமிழ்ச் சங்கம் வைத்த அதே பெரியவர், சேதுபதி குடும்பத்தார். உதவிச் செயலாளர் என்ற சின்னப் பட்டத்தோடு முழு வேலையையும் இழுத்தவர் வ.உ.சிதம்பரம் பிள்ளை. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவே பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி வைத்ததே சட்டம் என்று இருந்த கடலில் இவர்கள் இறங்கினார்கள். முதலில் வாடகைக் கப்பல். வாடகைக்குக் கொடுத்தவரை மிரட்டிப் பிடுங்கினார்கள். உடனே சொந்தக் கப்பல் வாங்கினார்கள்: ஒன்று லாவோ, இன்னொன்று பிரான்சிலிருந்து வந்த காலியா. காலியா என்றால் பிரான்சின் பழைய லத்தீன் பெயர். பள்ளியில் 'நம் மூதாதையர் கோல்கள்' என்று எங்களைக் கறுப்புத் தோலோடு ஒப்பிக்க வைத்த அந்த நாடு, தூத்துக்குடிக்காரருக்குக் கப்பலாக வந்து சேர்ந்தது என்று பிற்பாடு படித்தபோது சிரிப்பு வந்தது.

கட்டணப் போர் எல்லோருக்கும் தெரிந்த கதை. வெள்ளைக்காரக் கம்பெனி ஒரு ரூபாய்க்கு இறக்கியது. சுதேசி எட்டணா என்றது. வெள்ளைக்காரன் இலவசம் என்றான், மேற்கொண்டு குடையும் தருகிறேன் என்றான். 1908 மார்ச் 12-ஆம் தேதி வ.உ.சி.யைப் பிடித்தார்கள். ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் குறைந்தது என்றாலும் செக்கிழுத்தது இழுத்ததுதான். 1911-இல் கம்பெனியைக் கலைத்தார்கள். அவர் சிறையிலிருந்து வெளியே வந்தது 1912 டிசம்பர் 24.

இதை மேட்டுப்படத்தில் எங்கே வைப்பீர்கள், மாப்பிள்ளை? அதற்கும் ஒரு பெயர் இருக்கிறதாம், 'சிசு மரணம்'. கையில் காசு தீர்ந்து, ஸ்தாபகர் ஆர்வம் குறைந்து, குழந்தைக் கம்பெனி கண்ணை மூடிவிடுவது. காசு ஏன் தீர்ந்தது? ஸ்தாபகர் எங்கே? எங்கேயா, கோயம்புத்தூர் ஜெயிலில்! தொட்டிலில் இருந்த பிள்ளையின் கழுத்தைத் திருகியதைச் 'சிசு மரணம்' என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறவனை நீங்கள் என்ன சொல்வீர்கள்?

இன்னொன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சுதேசி கம்பெனி பதிவாகி ஆறே நாளில், 1906 அக்டோபர் 22-ஆம் தேதி, சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி கதவை மூடியது. நூறு வருஷத்துக்குக் கிட்ட வயது. ஓய்வூதியக்காரர்கள், விதவைகள், கோவில் தர்மகர்த்தாக்கள் என்று ஆயிரக்கணக்கான பேரின் பணம். வயதாகிச் செத்ததா? இல்லை. லண்டனில் இருந்த பங்காளி ஊரான் பணத்தில் ஊகச் சூதாடினார், பிறகு ரயிலில் விழுந்தார். இங்கிருந்த சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்கு 18 மாதம் கடுங்காவல். ஊரார் சேமிப்பை முழுங்கியவருக்கு 18 மாதம், கப்பல் விட்டவருக்கு முதல் தீர்ப்பு 40 வருஷம். இந்தக் கணக்கு மேட்டுப்படத்தில் எந்த இறக்கத்திலும் வராது. அந்த இடிபாட்டிலிருந்து வி.கிருஷ்ணசுவாமி ஐயர் போன்றவர்கள் 1907-இல் தொடங்கிய இந்தியன் பேங்க் இன்றைக்கும் இருக்கிறது. அதற்கு இப்போது என்ன பருவம் என்று கேட்டால் மாப்பிள்ளை ஏதாவது ஒரு பெயர் வைத்திருப்பார்.

சரி, தனுஷ்கோடிக்கு வருகிறேன். இந்த ரயில்வேயின் பிறப்பே வேடிக்கை. அதன் தாய்க் கம்பெனிகளில் ஒன்றான கிரேட் சதர்ன் ஆஃப் இண்டியா ரயில்வே நாகப்பட்டினத்திலிருந்து தண்டவாளம் போட்டபோது, லண்டன் பங்குதாரருக்கு 5 சதவீத வட்டிக்கு இந்திய வருமானத்திலிருந்து உத்தரவாதம். வண்டி ஓடினாலும் வட்டி, ஓடாவிட்டாலும் வட்டி. பிறக்கும்போதே இடுப்பில் தாயத்துக் கட்டிவிட்ட பிள்ளை. 1874-இல் கர்நாடிக் ரயில்வேயோடு சேர்ந்து சவுத் இண்டியன் ரயில்வே ஆனது. சுதேசி கம்பெனிக்கு யாராவது இப்படி ஒரு தாயத்துக் கட்டியிருந்தால், அதற்கும் பல்முளைத்து, மீசை முளைத்து, நரைத்த கதையை நாம் எழுதிக்கொண்டிருப்போம்.

1914-இல் பாம்பன் பாலம். அதே வருஷம் தனுஷ்கோடி துறைமுகத்திலிருந்து தலைமன்னாருக்கு ரயில்வே கம்பெனியின் கப்பல்கள். எழும்பூரில் ஏறினால் ஒரே டிக்கெட்டில் கொழும்பு வரை போகலாம். போட் மெயில் என்று பெயர். தோட்டக்காட்டுக்குப் போன கூலி ஜனம், மண்டபம் முகாமில் மருந்தடித்துப் பார்த்த பிறகு, இந்தத் துறையில்தான் ஏறியது. வியாபாரி, வக்கீல், நாடகக் கம்பெனி எல்லாம் இதே வழிதான். தூத்துக்குடி வழி மூத்துத் தளர்ந்துவிட்டதால் தனுஷ்கோடிக்கு வந்தார்கள் என்று சொல்வீர்களா? கடல் தூரம் குறைவு, பாலம் கட்டினார்கள், வண்டியைத் திருப்பினார்கள். எல்லாமே பிறவினை.

1944-இல் சர்க்கார் கம்பெனியை எடுத்துக்கொண்டது. 1951 ஏப்ரல் 14-இல் தெற்கு ரயில்வே. அன்று கம்பெனி 'செத்தது' என்றால், மறுநாள் காலை அதே வண்டியை அதே டிரைவர் ஓட்டினாரே, அதற்கு என்ன பெயர்? பெயர்ப் பலகையை மாற்றினார்கள், தொடர்ச்சி போகவில்லை.

பிறகு 1964 டிசம்பர் 22 ராத்திரி. அதைப் பற்றி வேகமாக எழுத எனக்கு மனம் வரவில்லை, விரிவாக எழுதவும் வரவில்லை. பாம்பனிலிருந்து போன 653-ஆம் எண் பாசஞ்சர் நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு தனுஷ்கோடி ஸ்டேஷனை நெருங்கும்போது அலை அடித்துக்கொண்டு போனது. ஊரும் போனது. புயலுக்குப் பிறவினை கிடையாது. அதை யாரும் உத்தரவு போட்டு வரவழைக்கவில்லை. இந்த இடத்தில் மாப்பிள்ளை சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் மறு பாதி? அதே புயலில் பாம்பன் பாலமும்தான் நொறுங்கியது. அதை ஈ.ஸ்ரீதரன் என்ற இளம் இன்ஜினியர் பொறுப்பேற்று 46 நாளில் நிமிர்த்தினார். கடலில் விழுந்த கர்டர்களைத் தேடியெடுத்துத் திரும்ப வைத்தார்கள். பாலம் எழுந்தது. ராமேஸ்வரத்துக்கு வண்டி வந்தது. தனுஷ்கோடிக்கு இருந்த பாதை எழவில்லை. எழுப்பவில்லை. ஊர் வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்தது. ஒரே புயல், ஒரே ரயில்வே, ஒன்றைக் கட்டினார்கள், ஒன்றை விட்டார்கள். விட்டது சரியான முடிவாகவே இருக்கலாம். அந்த மணல் திட்டில் நின்று பார்த்தவன் என்ற முறையில், நான் அதிகாரியாக இருந்திருந்தாலும் அதே கையெழுத்தைத்தான் போட்டிருப்பேன். ஆனால் அது கையெழுத்து. மூப்பு இல்லை.

கப்பலும் உடனே நின்றுவிடவில்லை என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்கு 'ராமானுஜம்' என்ற கப்பல் ஓடியது. புயலுக்கு இரண்டு மாதம் முன்பு, 1964 அக்டோபர் 30-இல், சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி, மலையகத்திலிருந்து 'தாயகம் திரும்பியவர்கள்' என்று பெயர் சூட்டப்பட்ட லட்சக்கணக்கான பேர் இந்த வழியாகத்தான் வந்து இறங்கினார்கள். தாத்தா போன துறைக்குப் பேரன் டிரங்குப் பெட்டியோடு திரும்பினான். எண்பதுகளில் இலங்கையில் போர் மூண்டு கப்பல் நின்றது. பயணி குறைந்தா நின்றது? 2019-இல் தனுஷ்கோடிக்குத் திரும்ப ரயில் விட அடிக்கல் நாட்டினார்கள். நான் போனபோது தண்டவாளம் எதுவும் கண்ணில் படவில்லை. செத்த பிணத்துக்கு யாராவது அடிக்கல் நாட்டுவார்களா?

இப்போது என் பழைய எஜமானர்களின் கதை. பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியை 1664-இல் கொல்பேர் தொடங்கினார். 1 கோடியே 50 லட்சம் லிவ்ர் மூலதனம் என்று ஊரெல்லாம் தண்டோரா. வந்து சேர்ந்தது பாதி சொச்சம். அப்படியே தள்ளாடி, சேன்மாலோ வியாபாரிகளிடம் உரிமையை வாடகைக்கு விட்டுக் காலம் ஓட்டியது. படத்தின்படி அப்போதே போயிருக்க வேண்டும். 1719-இல் ஜான் லா என்ற ஸ்காட்லாந்துக்காரர் வந்து எல்லாக் கம்பெனிகளையும் ஒன்றாகச் சேர்த்தார். அதற்கு வைத்த பெயர் 'நிரந்தர இந்தியக் கம்பெனி'! மறு வருஷமே அவருடைய காகிதப் பணம் வெடித்து அவர் ஊரைவிட்டு ஓடினார். சாவு என்று நினைப்பீர்கள். இல்லை, அதற்குப் பிறகுதான் எங்கள் ஊர் கொழித்தது. துய்மா, துய்ப்ளேக்ஸ் காலமெல்லாம் அதற்குப் பிறகுதான். 1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1769-இல் ராஜா ஏகபோகத்தை நிறுத்தி வைத்தார். 1785-இல் கலோன் என்ற மந்திரி திரும்ப ஒரு கம்பெனி தொடங்கினார். புரட்சி வந்து 1793-இல் கலைத்தார்கள். இந்தக் கம்பெனிக்கு மேடு எத்தனை, பள்ளம் எத்தனை? படம் போட்டால் பாம்பன் கடல் மாதிரி இருக்கும்.

இதில் ஒரு கடைசிச் சம்பவம் என் போன்ற குமாஸ்தாக்களுக்கு மிகவும் பிடித்தது. 1793-இல் கம்பெனியைக் கலைக்கும் ஆணையையே ஒருவர் திருத்தி எழுதினார். கலைப்பை அரசு நடத்தாமல் கம்பெனிக்காரர்களே நடத்திக்கொள்ளும்படி வாசகத்தை மாற்றிவிட்டார். அவர் பெயர் ஃபாப்ர் தெக்லாந்தின். புரட்சிக் காலண்டரின் மாதங்களுக்கு அழகழகாகப் பெயர் வைத்த கவிஞர் அவர். குட்டு உடைந்து 1794 ஏப்ரலில் தலை போனது. ஒரு கம்பெனியின் சாவிலும் பணம் பண்ண ஆள் இருக்கிறது, அதைப் பிடிப்பதற்கு ஒரு காகிதம் வேண்டியிருக்கிறது. காகிதம் இல்லாவிட்டால் அதையும் 'இயற்கையாகக் கலைந்தது' என்று எழுதியிருப்பார்கள்.

'ப்யூராக்ரசி' என்ற சொல்லுக்கும் இதில் ஒரு ஒட்டு உண்டு. வான்சான் தெ கூர்னே என்ற பிரெஞ்சுக்காரர் பதினெட்டாம் நூற்றாண்டில் கேலிக்காக உண்டாக்கிய சொல் அது. ப்யூரோ என்றால் மேசை, அலுவலகம். நம் வீட்டில் புடவை அடுக்கும் பீரோவும் அதே சொல்தான். அதே கூர்னே, 1755-இல், இந்தியக் கம்பெனியின் ஏகபோகத்தை எதிர்த்தும் எழுதினார். அந்தக் குறிப்பை மொர்லே என்ற பாதிரியார் 1769-இல் எடுத்து அச்சில் போட்டார், ஏகபோகம் நின்றது. கம்பெனி சார்பில் எதிர்வாதம் எழுதியவர் நெக்கேர், பின்னால் மந்திரியானவர். ஆக, 1769-இல் நடந்ததும் முதுமை அல்ல, ஒரு வழக்கு. இரண்டு பக்கமும் வாதாடினார்கள், ஒரு பக்கம் ஜெயித்தது. வாதாடியவர்களின் பெயர் தெரியும், தேதி தெரியும்.

"மாமா, இதெல்லாம் அந்தக் காலம். உங்கள் காலத்து நிறுவனங்கள் கோப்பிலேயே செத்தது உண்மையா இல்லையா?" என்று மாப்பிள்ளை கேட்கலாம். கேட்க வேண்டும். பதில் சொல்கிறேன், எனக்குச் சாதகமான பதில் இல்லை.

தொண்ணூறுகளில் நான் ஒரு துறையில் மேல்நிலை எழுத்தர். எங்கள் துறையின் கீழே அரசுப் பணத்தில் ஓடும் ஒரு நிறுவனம். பெயர் வேண்டாம். அதில் ஒரு முக்கியமான இயந்திரம் படுத்துவிட்டது. உதிரிபாகம் வாங்க அனுமதி கேட்டுக் கோப்பு வந்தது. கொட்டேஷன் 90 நாள் செல்லும். கோப்பு என் மேசையிலிருந்து சூப்பிரண்டெண்ட், அங்கிருந்து சார்புச் செயலர், அங்கிருந்து நிதித்துறை. நிதித்துறை 'பேசவும்' என்று எழுதித் திருப்பியது. யார் யாரோடு பேசுவது என்று எழுதவில்லை. பேசி முடிப்பதற்குள் 90 நாள் போனது. புதுக் கொட்டேஷன், புது விலை, புது விலைக்குப் புது விளக்கம். இப்படி மூன்று சுற்று. பதினான்கு மாதம். அதற்குள் ஆர்டர் கொடுத்தவர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள்.

அப்புறம் நிறுவனத்தை ஆராய ஓர் ஆலோசகர் வந்தார். கெட்டி அட்டை போட்ட அறிக்கை. அதில் அந்த மேட்டுப்படம் இருந்தது. ராமேஸ்வரம் லாட்ஜில் மாப்பிள்ளை காட்டியபோது எனக்கு அது முதல் தடவை அல்ல. 'நிறுவனம் தன் வாழ்க்கைச் சுழற்சியின் இறுதிக் கட்டத்தில் இருக்கிறது' என்று எழுதியிருந்தது. உதிரிபாகத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்த ஆலோசகரின் பில்லுக்குக் குறிப்பு எழுதியவனும் நான்தான். ஒன்பது நாளில் பாஸாகிவிட்டது.

உதிரிபாகக் கோப்பு முதல் சுற்றில் என் மேசையில் எத்தனை நாள் இருந்தது தெரியுமா? பதினோரு நாள். மகளுக்குக் காது குத்துக்காக லீவில் போயிருந்தேன். இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போனேன், யாரிடமும் ஒப்படைக்கவில்லை. அந்த மகள்தான் இன்றைக்கு மாப்பிள்ளையின் மனைவி.

நிறுவனம் மூடிய பிறகு ஒருவர் தன் பணிக்கொடைப் பணத்துக்காக எங்கள் அலுவலக வராந்தாவில் மாதம் ஒருமுறை வந்து உட்காருவார். ஃபிட்டராக இருந்தவர். "சார், எப்ப வரும்?" என்பார். கோபமே படமாட்டார். ஒருநாள் அவரிடம் நான், ஏதோ ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "என்ன செய்யறதுங்க, அந்தக் கம்பெனிக்கு வயசாயிடுச்சு" என்றேன். அவர் என்னைப் பார்த்து, "எனக்கு நாப்பத்தாறு சார்" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார்.

இதைத்தான் ப்யூராக்ரசி என்று அடிசெஸ் சொல்கிறார் என்று மாப்பிள்ளை துள்ளுவார். இல்லை. 'ப்யூராக்ரசி' என்ற பருவம் வந்து அந்த இயந்திரத்தைச் சாகடிக்கவில்லை. அந்தக் கோப்பின் குறிப்புப் பக்கங்களில் ஏழு பேரின் சுருக்கொப்பம் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் கீழே தேதி இருக்கிறது. மூன்றாவது ஒப்பம் என்னுடையது. உள்ளே வந்த தேதிக்கும் வெளியே போன தேதிக்கும் நடுவே பதினோரு நாள் அங்கேயே எழுதியிருக்கிறது. எங்கள் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் இருபத்தைந்து வருஷம் நாட்குறிப்பு எழுதினார். கவர்னர் இன்றைக்கு யாரைக் கூப்பிட்டார், என்ன சொன்னார், யார் எவ்வளவு வாங்கினார் என்று. அவரும் ஒரு வகையில் எழுத்து வேலைக்காரர்தான். அந்தக் கம்பெனியில் நடந்த தவறுகளை இன்றைக்கு யார் யார் என்று நாம் பேச முடிகிறது என்றால் அதற்கு அப்படிப்பட்டவர்கள் காரணம்.

ஆகவே நிர்வாகம் படிக்கும் பிள்ளைகளுக்கு என் விண்ணப்பம் ஒன்று. எந்த நிறுவனத்துக்காவது நீங்கள் ஆலோசகராகப் போனால், அது எந்தப் பருவத்தில் இருக்கிறது என்று பார்க்குமுன் கடைசி ஐந்து வருஷத்து உதிரிபாகக் கோப்புகளைக் கேளுங்கள். தேய்மானத்துக்கு ஒதுக்கிய பணம் தேய்மானத்துக்குப் போனதா, வேறெங்காவது போனதா என்று பாருங்கள். எந்த ஆர்டரை யார், என்று, என்ன காரணம் எழுதித் தட்டிக்கழித்தார் என்று பாருங்கள். பார்த்த பிறகும் மேடுதான் தெரிகிறது என்றால் மேட்டை வரையுங்கள். கீழே ஏழு பேர் பெயரையும் எழுதிவிட்டு வரையுங்கள்.

தனுஷ்கோடியில் இளநீர் வாங்கப் போனேன் என்றேனே. அங்கே இளநீர் கிடைக்கவில்லை. ஸ்டேஷன் சுவரோரம் பாசிமணி விற்கும் அம்மா, "குடிக்கத் தண்ணி வேணும்னா தரேன் ஐயா" என்று ஒரு குடத்திலிருந்து மொண்டு கொடுத்தார். மணலைக் கையால் தோண்டினால் ஊறுமாம், நல்ல தண்ணீர். உப்பே இல்லை. இங்கேயா குடியிருக்கீங்க என்று கேட்டேன். "பின்னே? புயலுக்கு முன்னாலேர்ந்து இங்கதான். எங்க மாமனார் இந்த ஸ்டேஷன்ல மூட்டை தூக்கினவரு" என்றார். பிறகு மாப்பிள்ளை பக்கம் கையைக் காட்டி, "அந்தத் தம்பிய சுவத்துல சாய வேண்டாம்னு சொல்லுங்க. கல்லு பேர்ந்து விழுது. யாரும் பூசறதில்ல" என்றார்.

போய்ச் சொன்னேன். மாப்பிள்ளை உடனே நகர்ந்து நின்றுகொண்டார்.